தொழிற்பயிற்சி யாருடைய உரிமை? மேரி மெக்லியோட் பெத்யூனின் வாழ்வு எழுப்பும் கேள்வி

ஒடுக்கப்பட்ட சமூகத்து இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி அளிப்போம் என்று அறிவிக்காத அரசு இல்லை. எந்தத் தொழிலில் பயிற்சி, அதை முடிவு செய்வது யார், பயிற்சி முடித்தவருக்கு வேலையின் கதவு திறக்குமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தராமலே அந்த அறிவிப்புகள் வந்து போகின்றன. இம்மூன்று கேள்விகளோடும் தன் வாழ்நாள் முழுவதும் போராடிய ஒரு பெண், அமெரிக்கக் கறுப்பினக் கல்வியாளரான மேரி மெக்லியோட் பெத்யூன். ஐந்து சிறுமிகளோடு ஒரு பள்ளியைத் தொடங்கி, பின்னர் நாடு முழுவதற்குமான அரசுத் திட்டமொன்றில் கறுப்பின இளைஞர்களின் பங்கைக் கேட்டுப் பெற்றவர் அவர். அவருடைய வெற்றிகளைப் போலவே அவருடைய சமரசங்களும் நாம் அறிந்துகொள்ள வேண்டியவை.

அடிமைத்தளையிலிருந்து வகுப்பறைக்கு

1875 ஜூலை 10 அன்று தென் கரோலினா மாநிலத்தின் மேஸ்வில் அருகே ஒரு பருத்திக் காட்டுக் குடிசையில் மேரி பிறந்தார். பெற்றோர் சாமுவேலும் பாட்சியும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். அவர்களுடைய 17 குழந்தைகளில் மேரி 15-ஆவது. மூத்த பிள்ளைகள் பலர் அடிமைகளாகவே பிறந்தவர்கள். 1865-இல் அரசமைப்பின் 13-ஆவது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. ஆயினும் விடுதலை பெற்றவர்களுக்கு நிலமோ கருவிகளோ பள்ளியோ அதனால் கிடைத்துவிடவில்லை. முன்னாள் உடைமையாளரின் வீட்டிலேயே கூலிக்கு உழைத்துத்தான் அக்குடும்பம் ஐந்து ஏக்கர் நிலத்தை வாங்கியது.

வெளுத்த துணிகளைக் கொடுக்கத் தாயோடு வெள்ளையர் வீட்டுக்குச் சென்ற சிறுமி, அங்கிருந்த புத்தகமொன்றை எடுத்துப் பார்த்ததையும், உனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்லி அவ்வீட்டுக் குழந்தை அதைக் கீழே வைக்கச் செய்ததையும் பின்னாளில் மேரி பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். தங்களுக்கும் வெள்ளையருக்கும் இடையிலான வேறுபாடு எங்கே தொடங்குகிறது என்பதை அன்றே உணர்ந்ததாக அவர் கருதினார்.

அவர்களுடைய வட்டாரத்தில் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை ஒரு பள்ளியைத் திறந்தபோது, அக்குடும்பத்திலிருந்து அனுப்பப்பட்டவர் மேரி. சுமார் ஐந்து மைல் நடந்து சென்று படித்தார். எண்ணும் எழுத்தும் கற்ற அச்சிறுமி, பருத்தி எடைபோடும் இடத்தில் அக்கம்பக்கத்துக் குத்தகை விவசாயிகளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்தார். எடையிலும் விலையிலும் ஏமாற்றப்பட்டவர்களுக்குப் படிப்பு கண்ணெதிரே காசாக மாறியது. கல்வியும் பிழைப்பும் வெவ்வேறல்ல என்ற அவருடைய பிற்காலக் கொள்கைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

டென்வர் நகரில் தையல் தொழில் செய்த ஒரு பெண் தன் சேமிப்பிலிருந்து கொடுத்த உதவித்தொகையால், 1888-இல் வட கரோலினாவின் ஸ்கோஷியா செமினரியில் மேரி சேர்ந்தார். அங்கே இலக்கியமும் லத்தீனும் கற்பிக்கப்பட்டன. சமையலும் தையலும்கூடக் கற்பிக்கப்பட்டன. வெள்ளை ஆசிரியர்களும் கறுப்பின ஆசிரியர்களும் அங்கு ஒன்றாகப் பணியாற்றினர். 1894-இல் படிப்பை முடித்து, சிகாகோவின் மூடி விவிலியப் பள்ளியில் பயிற்சி பெற்று, ஆப்பிரிக்காவில் மறைப்பணி செய்ய விண்ணப்பித்தார். கறுப்பினத்தவருக்கு அங்கே பணியிடம் இல்லை என்று திருச்சபை வாரியம் மறுத்துவிட்டது. தகுதியும் பயிற்சியும் இருந்தும் நிறத்தின் பெயரால் வேலை மறுக்கப்படுவது என்னவென்று அவர் முதன்முதலாக அறிந்தது அப்போதுதான்.

1896-இல் ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நகரில் லூசி லேனி நடத்திய ஹெய்ன்ஸ் பள்ளியில் ஆசிரியரானார். அடிமைமுறை நிலவிய காலத்தில் பிறந்த லேனி, கறுப்பினக் குழந்தைகளுக்குச் செவ்வியல் கல்வியே வேண்டும் என்று வாதாடி அதை நடத்திக் காட்டியவர். அதே 1896-இல்தான் ப்ளெஸ்ஸி எதிர் ஃபெர்குசன் வழக்கில், தனித்தனி ஆனால் சமம் என்ற கோட்பாட்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றுப் பாகுபாட்டுக்குச் சட்டத் தகுதி அளித்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு மேரி செய்த பணிகள் அனைத்தும் இத்தீர்ப்பின் நிழலிலேயே நடந்தன.

ஒன்றரை டாலர் பள்ளி

1898-இல் ஆல்பர்ட்டஸ் பெத்யூனை மணந்தார். ஒரு மகன் பிறந்தான். மண வாழ்வு நீடிக்கவில்லை. மகனை அழைத்துக்கொண்டு 1904-இல் ஃபுளோரிடாவின் டேடோனாவுக்கு வந்தார். கிழக்குக் கடற்கரை இரயில் பாதை அமைக்கும் வேலைக்காகக் கறுப்பினத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு அப்பகுதியில் குவிந்திருந்தனர். அவர்களுடைய பெண் குழந்தைகளுக்குப் பள்ளி ஏதும் இல்லை.

அவ்வாண்டு அக்டோபரில் ஒரு சிறிய வாடகை வீட்டில், கையிருப்பு ஒன்றரை டாலரோடு, ஐந்து சிறுமிகளையும் தன் மகனையும் வைத்துப் பள்ளியைத் தொடங்கினார். மரப்பெட்டிகள் மேசைகளாயின. கரிக்கட்டை எழுதுகோலாயிற்று. பழச்சாறு மையாயிற்று. சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பணியாரம் சுட்டு இரயில் பாதைத் தொழிலாளர்களிடம் விற்றார். ஐந்து டாலர் முன்பணம் கொடுத்துக் குப்பைமேடாகக் கிடந்த நிலத்தைப் பெற்று, அங்கே கட்டடம் எழுப்பினார்.

நீக்ரோ பெண் குழந்தைகளுக்கான இலக்கிய மற்றும் தொழிற்பயிற்சிப் பள்ளி என்பதே அவர் வைத்த பெயர். இலக்கியம், தொழில் என்ற இரண்டு சொற்களும் அப்பெயரில் இடம்பெற்றது தற்செயலன்று. அக்காலக் கறுப்பின அரசியலின் மையச் சர்ச்சையே அந்த இரண்டுக்கும் இடையில்தான் நடந்தது. 1881-இல் அலபாமாவில் டஸ்கிகீ நிறுவனத்தைத் தொடங்கிய புக்கர் டி. வாஷிங்டன், கைத்தொழிலைக் கற்றுப் பொருளாதாரத்தில் காலூன்றுவதே முதல் பணி என்றும், அரசியல் உரிமைக் கோரிக்கை பின்னர் வரட்டும் என்றும் கூறினார். டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் 1903-இல் வெளியிட்ட நூலில் இதைக் கடுமையாக மறுத்தார். வாக்குரிமையும் உயர்கல்வியும் இல்லாத தொழிற்பயிற்சி, அடிமைகளை மேலும் திறமையான அடிமைகளாக்கும் என்பதே அவருடைய வாதத்தின் சாரம்.

மேரி இந்த இருவரில் ஒருவரின் பின்னால் மட்டும் நிற்கவில்லை. அவருடைய பள்ளியில் சிறுமிகள் தைத்தார்கள், சமைத்தார்கள், காய்கறி பயிரிட்டார்கள், துடைப்பம் கட்டினார்கள். வாசித்தார்கள், பாடினார்கள், மேடையேறிப் பேசினார்கள். கல்வி ஏறஏற ஆசிரியர் பயிற்சியும் செவிலியர் பயிற்சியும் சேர்ந்தன.

இதில் சமரசமும் உண்டு. குளிர்காலத்தைக் கழிக்க டேடோனாவுக்கு வந்த வெள்ளைச் செல்வந்தர்களிடம்தான் அவர் நிதி கேட்டார். ப்ராக்டர் அண்ட் கேம்பிள் குடும்பத்தின் ஜேம்ஸ் கேம்பிள் பள்ளியின் அறங்காவலரானார். தையல் இயந்திர உற்பத்தியாளர் தாமஸ் வைட் பெருந்தொகை அளித்தார். இத்தகைய கொடையாளர்களில் பலர் கறுப்பினப் பெண்ணை ஒரு நல்ல சமையற்காரியாகவே கற்பனை செய்தனர். அந்தக் கற்பனையை மேரி நேரடியாக உடைக்கவில்லை. அதைக் காட்டிப் பணம் பெற்று, அதே பணத்தில் ஆசிரியைகளை உருவாக்கினார். எனினும் பள்ளியின் பொதுக்கூட்டங்களில் வெள்ளையருக்குத் தனி இருக்கை ஒதுக்க மறுத்தார். நிறப் பாகுபாடு சட்டமாகவே இருந்த மாநிலத்தில் இது சிறிய செயலன்று.

1911-இல் பள்ளியை ஒட்டி ஒரு மருத்துவமனை உருவானது. குடல்வால் அழற்சியால் துடித்த மாணவியை வெள்ளையர் மருத்துவமனையில் உள்ளே அனுமதிக்காமல் பின்கட்டுத் திண்ணையில் கிடத்தியதே அதற்குக் காரணம். அம்மருத்துவமனை நோயாளிகளுக்குப் படுக்கை தந்ததோடு கறுப்பினப் பெண்களுக்குச் செவிலியர் பயிற்சியும் தந்தது. ஓர் அவமதிப்புக்கு எதிர்வினையாகத் தொடங்கியது, மதிப்புள்ள வேலைக்கான பயிற்சிக் களமாயிற்று.

1920-இல் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தவுடன், கறுப்பின மக்கள் வாக்காளர் பட்டியலில் சேர மேரி முனைந்து உழைத்தார். வாக்களிக்க எழுத்தறிவுத் தேர்வு வைத்துத் தடுத்தபோது அதற்கும் வகுப்பு நடத்தினார். 1920-களின் தொடக்கத்தில் ஒரு தேர்தலுக்கு முன், முகமூடி அணிந்த கு கிளக்ஸ் கிளான் கும்பல் பள்ளி வளாகத்துக்குள் நுழைந்து மிரட்டியது. பள்ளி பணியவில்லை. மேரியின் தலைமையில் கறுப்பின மக்கள் வரிசையில் நின்று வாக்களித்தனர். கைத்தொழில் கற்பிப்பதைப் பொறுத்துக்கொண்டவர்கள் வாக்குச்சீட்டைப் பொறுத்துக்கொள்ளவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

1923-இல் இப்பள்ளி ஜாக்சன்வில் நகரின் குக்மன் நிறுவனத்தோடு இணைந்தது. பின்னர் பெத்யூன்-குக்மன் கல்லூரியாகி, இன்று பல்கலைக்கழகமாக இயங்குகிறது.

நன்கொடையிலிருந்து பொதுநிதிக்கு

1929-இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்க இளைஞர்களில் இலட்சக்கணக்கானோரைப் பள்ளியும் வேலையும் இல்லாமல் தெருவில் நிறுத்தியது. முதலில் வேலை இழந்ததும் கடைசியில் நிவாரணம் பெற்றதும் கறுப்பினத்தவரே. 1935 ஜூன் மாதத்தில் அதிபர் ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட் தேசிய இளைஞர் நிர்வாகம் என்ற அமைப்பை உருவாக்கினார். அதன் இயக்குநர் அலபாமாவைச் சேர்ந்த ஆப்ரி வில்லியம்ஸ்.

இத்திட்டத்துக்கு இரண்டு கைகள் இருந்தன. படிக்கும் மாணவர்களுக்குப் பள்ளி, கல்லூரிகளிலேயே பகுதிநேர வேலை கொடுத்து மாத ஊதியம் வழங்கி, அவர்கள் படிப்பைக் கைவிடாமல் காப்பது ஒன்று. உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு மாதம் 6 டாலர் வரையும், கல்லூரி மாணவருக்குச் சராசரியாக 15 டாலரும் கிடைத்தன. படிப்பை விட்டுவிட்ட இளைஞர்களுக்குப் பூங்கா, பள்ளிக்கட்டடம், பட்டறை போன்ற பொதுப்பணிகளில் ஊதியத்தோடு வேலையும் பயிற்சியும் அளிப்பது மற்றொன்று. பயிற்சிக் காலத்தில் வயிற்றுக்கு வழியில்லாத இளைஞர் எந்தப் பயிற்சியையும் முடிக்கமாட்டார் என்ற எளிய உண்மையை அத்திட்டம் ஒப்புக்கொண்டது.

ஆலோசனைக் குழுவில் இடம்பெற்ற மேரி, 1936-இல் சிறுபான்மையினர் விவகாரப் பொறுப்பை ஏற்றார். 1939-இல் அது நீக்ரோ விவகாரப் பிரிவாகி, அவர் அதன் இயக்குநரானார். அமெரிக்க மத்திய அரசில் ஒரு பிரிவுக்குத் தலைமை வகித்த முதல் கறுப்பினப் பெண் அவரே. அங்கே அவர் வலியுறுத்தியவை இரண்டு.

முதலாவது, மாநிலங்களில் திட்டத்தை நடத்தும் அலுவலகங்களில் கறுப்பின அதிகாரிகள் இருக்க வேண்டும் என்பது. வாஷிங்டனில் நல்ல விதி எழுதப்பட்டாலும், அதை மிசிசிப்பியிலோ ஜார்ஜியாவிலோ நடைமுறைப்படுத்துபவர் வெள்ளை அதிகாரி மட்டுமே என்றால் கறுப்பின இளைஞரின் பெயர் பட்டியலில் ஏறாது என்பதை அவர் அறிந்திருந்தார். இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் கறுப்பின நிர்வாக உதவியாளர்கள் அமர்த்தப்படும்வரை அவர் ஓயவில்லை.

இரண்டாவது, உயர்கல்விக்கான தனி நிதி. தென்மாநிலப் பல்கலைக்கழகங்களின் பட்டமேற்படிப்புகளில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. மிசௌரி சட்டக் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்ட லாயிட் கெய்ன்ஸ் வழக்கில், மாநிலத்துக்குள்ளேயே சமமான கல்வி தர வேண்டும் என்று 1938-இல்தான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு வருவதற்கு முன்பே, கறுப்பினக் கல்லூரி மாணவர்களுக்கும் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கும் சிறப்பு நிதியை மேரி பெற்றிருந்தார். 1943 வரை 4,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் 6 இலட்சம் டாலருக்கும் அதிகமான தொகையை அந்நிதியிலிருந்து பெற்றனர். நிதியைப் பகிர்ந்தளித்தவரும் அவரே. தொழிற்பயிற்சித் திட்டத்துக்குள்ளிருந்தே முனைவர் பட்டத்துக்கும் வழி திறந்தது, டுபாய்ஸ் வாஷிங்டன் சர்ச்சைக்கு மேரி நடைமுறையில் கொடுத்த விடை.

தனி ஒருவராக இதைச் சாதிக்க முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். 1935-இல் நீக்ரோ பெண்களின் தேசிய மன்றத்தை நிறுவினார். 1936-இல் அரசின் பல துறைகளில் சிதறியிருந்த கறுப்பின அதிகாரிகளைத் தன் வீட்டில் கூட்டி ஓர் அணியாக்கினார். ராபர்ட் வீவர், வில்லியம் ஹேஸ்டி போன்றோர் இருந்த அவ்வணியைக் கறுப்பின அமைச்சரவை என்று மக்கள் அழைத்தனர். 1937 ஜனவரியில் நீக்ரோ மக்கள், நீக்ரோ இளைஞர் சிக்கல்கள் குறித்த தேசிய மாநாட்டை வாஷிங்டனில் கூட்டி, கோரிக்கைகளை அரசின் முன் வைத்தார்.

மூடிய கதவும் அதிபரின் ஆணையும்

இரண்டாம் உலகப்போர் நெருங்கியபோது இளைஞர் நிர்வாகம் போர்த்தளவாடத் தொழிலுக்கான பயிற்சிக்குத் திரும்பியது. பற்றவைப்பு, உலோகத் தகடு வேலை, வானொலி, இயந்திரப் பட்டறை என்று நல்ல கூலி தரும் தொழில்கள் திறந்தன. அங்கேதான் பாகுபாட்டின் சுழல் முழுமையாக வெளிப்பட்டது. கறுப்பினத்தவரை எந்த ஆலையும் எடுப்பதில்லை, ஆகவே அவர்களுக்குப் பயிற்சி தருவது வீண் என்று பயிற்சி நிலையங்கள் கூறின. பயிற்சி பெற்ற கறுப்பினத்தவர் இல்லை, ஆகவே வேலை தர முடியவில்லை என்று ஆலைகள் கூறின. இரு தரப்பும் ஒன்றையொன்று சாட்சியாகக் காட்டி, நடுவில் நின்ற இளைஞரைத் தகுதியற்றவராக்கின.

இச்சுழலை உடைத்தது தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் விடுத்த அறைகூவல். ஓர் இலட்சம் கறுப்பினத்தவர் வாஷிங்டனை நோக்கிப் பேரணி செல்வர் என்று அவர் அறிவித்தார். பேரணி நடக்கும் முன்பே, 1941 ஜூன் 25 அன்று 8802 எண்ணிட்ட நிர்வாக ஆணையை ரூஸ்வெல்ட் பிறப்பித்தார். போர்த்தளவாடத் தொழிலிலும் அரசு வேலையிலும் இனம், நிறம், மதம், பூர்விக நாடு ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு கூடாது என்றது அவ்வாணை. அதன் முதல் கூறு தொழிற்பயிற்சித் திட்டங்களைப் பற்றியது என்பதைச் சட்டம் படிப்போர் கவனிக்க வேண்டும். பயிற்சியில் பாகுபாட்டை விட்டுவிட்டு வேலையில் மட்டும் அதைத் தடுக்க முடியாது என்பதை அவ்வாணை ஏற்றது. பயிற்சிப் பட்டறைகளில் கறுப்பின இளைஞர்களைச் சேர்க்க அரசுக்குள்ளிருந்து மேரி வாதாடினார். வெளியே தெருவில் திரளத் தயாராக இருந்த மக்களே அந்த வாதத்துக்கு வலுவூட்டினர்.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. தென்மாநிலங்களில் இளைஞர் நிர்வாகத்தின் பணித்திட்டங்கள் நிறவாரியாகப் பிரிக்கப்பட்டே நடந்தன. மேரி அதை ஏற்றுக்கொண்டே உள்ளே பங்கு கேட்டார். கறுப்பினப் பெண்களில் பலருக்குக் கிடைத்தது வீட்டுவேலைப் பயிற்சிதான். அவர்களுடைய தாயும் பாட்டியும் எந்தப் பயிற்சியும் இன்றிச் செய்துவந்த வேலைக்குச் சான்றிதழ் கொடுப்பதை முன்னேற்றம் என்று கூற இயலாது. திட்டமோ சட்டமன்ற ஆதரவை நம்பி நின்றது. 1943-இல் நாடாளுமன்றம் நிதியை நிறுத்தியதும் அது மூடப்பட்டது. நிரந்தரச் சட்ட உரிமையாக மாறாத எந்த நலத்திட்டத்துக்கும் இதுவே முடிவு.

1945-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் அவை உருவான மாநாட்டில், டுபாய்ஸோடும் வால்டர் வைட்டோடும் ஆலோசகராக மேரி கலந்துகொண்டார். 1954 மே 17 அன்று பிரவுன் வழக்கின் தீர்ப்பு, பொதுப் பள்ளிகளில் ப்ளெஸ்ஸி கோட்பாட்டை வீழ்த்தியதைக் கண்டார். அதற்கு ஓராண்டும் ஒரு நாளும் கழித்து, 1955 மே 18 அன்று டேடோனாவில் மறைந்தார். 2022-இல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில், அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட படைத்தளபதி ஒருவரின் சிலை இருந்த இடத்தில், ஃபுளோரிடாவின் சார்பாக அவருடைய சிலை நிறுவப்பட்டது.

நமக்கு என்ன?

மேரி வாஷிங்டனில் பணியாற்றிய அதே ஆண்டுகளில், புதுதில்லியில் அதே போராட்டத்தை அண்ணல் அம்பேத்கர் நடத்திக்கொண்டிருந்தார். 1942-இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானவுடன், பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து அவர் அளித்த மனுவில், அறிவியல், தொழில்நுட்ப உயர்கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் அரசு நிதி கேட்டார். 1943-இல் மத்திய அரசுப் பணிகளில் 8.33 விழுக்காடு இடஒதுக்கீடு வந்தது. பயிற்சி, உயர்கல்வி, பணியிடம் மூன்றையும் ஒரே கோரிக்கையாக அவர் கண்டார். இதற்கு நேர்மாறான பாதையையும் நாம் பார்த்திருக்கிறோம். 1953-இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி கொண்டுவந்த திட்டம், கிராமப்புறக் குழந்தைகள் பாதி நாள் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் பழக வேண்டும் என்றது. குலக்கல்வி என்று மக்கள் அதற்குப் பெயரிட்டு எதிர்த்தனர். அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது. பயிற்சி என்ற சொல் ஒன்றுதான். அது இளைஞரைச் சாதித் தொழிலிலிருந்து வெளியேற்றுகிறதா, அதற்குள்ளேயே பூட்டுகிறதா என்பதே அளவுகோல்.

இன்று நம் கையில் சட்டக் கருவிகள் உண்டு. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் 3-அ பிரிவு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. மாநிலத்தில் அவர்களுடைய மக்கள்தொகையைக் கருத்தில் கொண்டு அந்த எண்ணிக்கை அமைய வேண்டும். தமிழ்நாட்டில் 2024-இல் நிறைவேறிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம், அவர்களுக்கான நிதி ஒதுக்கீட்டுக்குச் சட்ட அடித்தளம் தந்துள்ளது. சட்டம் ஏட்டில் இருப்பதும் இளைஞரின் பெயர் பட்டியலில் ஏறுவதும் ஒன்றல்ல என்று மேரியின் வாழ்வு எச்சரிக்கிறது.

ஆகவே கல்லூரி மாணவர்களும் இயக்கத் தோழர்களும் தங்கள் மாவட்டத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. கடந்த மூன்று ஆண்டுகளில் எந்தெந்த ஆலைகள் எத்தனை பழகுநர் இடங்களை ஒதுக்கின? அவற்றில் நம் இளைஞர்கள் எத்தனை பேர் சேர்ந்தனர்? அவர்கள் பற்றவைப்புப் பட்டறையிலும் மின்பணியிலும் இருக்கின்றனரா, துப்புரவுப் பணியில் இருக்கின்றனரா? பயிற்சிக் காலத்து உதவித்தொகை மாதந்தோறும் வந்ததா? பயிற்சி முடித்தவர்களில் அதே ஆலை வேலைக்கு எடுத்தது எத்தனை பேரை? இத்திட்டங்களை முடிவு செய்யும் குழுக்களில் நம்மவர் யாரேனும் அமர்ந்திருக்கின்றனரா?

விடைகள் எண்களாக வரட்டும். அந்த எண்களை வைத்து அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் தெருவிலும் ஒரே நேரத்தில் வாதாடலாம். ஒன்றரை டாலரோடு தொடங்கியவர் செய்தது அதைத்தான்.